பெரகல சந்தியிலிருந்து பரீட்சை மண்டபம் வரை

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் கூடுகின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, அல்துமுல்ல வழியாக ஏறி வரும் பெருந்தெரு இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லந்த பக்கமாக வெல்லவாயவுக்கு இறங்கும். மற்றது அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை, ஹாலிஎல என்று போய்ப் பதுளையைப் பிடிக்கும். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து தூரப் பயணம் போகிறவர்களில் அநேகர் இந்தச் சந்தியில் வந்து நின்றுதான் பஸ் ஏறுவார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே நிற்பவர்களில் யார் பரீட்சைக்குப் போகிறவர் என்று எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மற்றவர்கள் பையைத் தோளில் போட்டிருப்பார்கள். பரீட்சைக்குப் போகிறவர் ஒரு கோவையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருப்பார்.

ஆசிரியர் போட்டிப் பரீட்சை, கிராம உத்தியோகத்தர் பரீட்சை, முகாமைத்துவ சேவைப் பரீட்சை, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை என்று இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் எழுதாத பரீட்சை இல்லை. பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றால் சனிக்கிழமை பின்னேரமே கிளம்பிவிடுவார்கள். ஏன் முதல் நாளே கிளம்புகிறார்கள், அந்தக் கோவைக்குள் என்ன இருக்கிறது, ஏன் அதை அப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. நான் தோட்டப் பாடசாலையில் படித்து, தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்றவன். பரீட்சை மண்டபத்தில் எழுதுகிறவனாக உட்கார்ந்திருக்கிறேன். நோக்குநராகவும் மேற்பார்வையாளராகவும் நின்றிருக்கிறேன். எங்கள் ஆட்கள் அந்த ஒரு நாளைக் கடக்க என்னென்ன வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், எங்கள் தாத்தாமார் காலத்தில் பரீட்சை என்ற ஒன்றே தோட்டத்துக்குள் வரவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 10 வயது வரை தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. பத்து வயதோடு சட்டத்தின் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு பிள்ளை கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியதுதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது; நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். தோட்டப் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியேதான் நின்றன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் நடந்து தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. அதுவரை ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்த வாத்தியாரே லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், மனு எழுதிக் கொடுப்பார், வந்த தந்தியை வாசித்துச் சொல்லுவார். இரண்டு தலைமுறைகளுக்கு எங்கள் ஊவாத் தோட்டங்களில் எழுத்து என்றால் அவர்தான்.

அதனால் என் வயதுக்காரர்களில் சாதாரண தரத்தைத் தாண்டிப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வீட்டில் வழி சொல்ல யாரும் இல்லை. அப்பா மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். வழி சொன்னது வாத்தியார்மார்தான். அவர்கள் பாடத்தைப் பற்றிச் சொன்னதைவிட நாளைப் பற்றிச் சொன்னதே அதிகம். எங்கள் பெரிய வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: “தம்பி, கேள்விக்கு விடை ஒனக்குத் தெரியும். அந்தக் கதிரையில போய் ஒக்காருற வரைக்கும்தான் பரீட்சை.”

அவர் சொன்னதில் முதல் பாடம் காகிதம்.

அரசாங்க வேலைக்கான எந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்தாலும், விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். மற்றவர்கள் அந்த வரியை வாசிக்காமலே தாண்டிப் போவார்கள். நாங்கள் அந்த வரியில்தான் நின்றோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. கலியாணம் கட்டியவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு வருடம், கட்டாதவர் என்றால் பத்து வருடம், இந்த நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்து லயத்துக் காம்பிராவிலேயே செத்துப்போகிற மனிதர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? என் தாத்தா விண்ணப்பம் போட்டார், தள்ளிவிட்டார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று இரண்டு தலைநகரங்கள் கணக்குப் போட்டன. விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தன. எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கு இலங்கைப் பக்கம் கிடைத்தது. சித்தப்பா குடும்பம் அப்புத்தளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போனது.

இந்த வரலாறு பரீட்சைக்குள் எப்படி வந்தது என்றால், அந்தக் காலத்து விண்ணப்பப் பத்திரத்தில், நீர் வம்சாவளிப் பிரஜையா பதிவுப் பிரஜையா, பதிவு என்றால் சான்றிதழ் இலக்கம் என்ன, திகதி என்ன என்று கேட்பார்கள். அந்த இலக்கத்தை நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அப்பா மூலச் சான்றிதழைத் தகரப் பெட்டியில், கலியாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் எடுப்பார். பிள்ளைகள் கோவையை நெஞ்சோடு பிடிக்கும் பழக்கம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று உறுதியாக நம்புகிறேன். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர் பிரச்சினையைச் சட்டத்தளவில் முடித்துவைத்தன. ஆனால் காகிதத்தின் மீதான பயம் சட்டத்தோடு முடிகிற பயம் இல்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பயம்தான் எங்கள் பிள்ளைகளைக் கவனமாக வைத்திருக்கிறது.

கவனம் எங்கே தேவை என்றால், பெயரில். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பிறப்பைத் தெரிவிக்கும் கடமை துரைக்கு இருந்தது. தகப்பன் சொன்ன பெயர் கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்து, கந்தோர்த் தாளில் இங்கிலீசில் ஏறி, பதிவாளரின் புத்தகத்தில் சிங்களத்தில் இறங்கும். முருகாயி முருகையாவாகி இருக்கிறார். செல்லம்மாவின் தகப்பன் பெயர் ஓர் இடத்தில் பெருமாள், இன்னோர் இடத்தில் பெரியசாமி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், 1972இலிருந்து வந்த தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது ஒரு பெயர். பரீட்சைத் திணைக்களத்திலிருந்து அனுமதி அட்டை நான்காவது பெயரோடு வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை படும் பாட்டை மண்டப வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே என்னிடம் படித்தவர்களுக்கு நான் சொல்வது: விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மூன்று காகிதங்களையும் மேசையில் விரித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இன்றைக்கே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பரீட்சை வாரத்தில் போனால் எந்த எழுத்தும் திருந்தாது.

அடையாள அட்டைக்கு ஊரில் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சி தருவார். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் தருவார். தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகர் தரலாம். துரை லீவில் போயிருந்தால் விண்ணப்பம் கந்தோரிலேயே கிடக்கும். அனுமதி அட்டையில் பரீட்சார்த்தியின் கையொப்பத்தையும் ஓர் அதிபரோ சமாதான நீதவானோ சட்டத்தரணியோ அத்தாட்சிப்படுத்த வேண்டும். அது இல்லாமல் வந்து வாசலில் அழுதவர்களை எனக்குத் தெரியும். தபால் தோட்டத்துக்கு வந்தும் கையில் கிடைக்கச் சில நாளாகும் என்பதால், அட்டை கிடைத்த அன்றே அதிபர் வீட்டுக்கு நடந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையோடு யாராவது என் வீட்டு வாசலில் நிற்பார்கள். சாயத்தண்ணி ஒரு கோப்பை கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதால் இப்போது சமாதான நீதவானிடம் அனுப்புகிறேன்.

இரண்டாவது பாடம் பாதை.

கோச்சி 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. தேயிலைப் பெட்டிக்காகப் போட்ட தண்டவாளம் அது. மனிதர் பிறகுதான் ஏறினார்கள். பெரகலக்காரருக்கு அந்தக் கோச்சியைப் பிடிக்கவும் அப்புத்தளைக்கு ஏற வேண்டும். பஸ்ஸில் பதுளை போக எல்லாம் கூடி வந்தாலும் இரண்டு மணி நேரம் கொள்ளும். காலை எட்டரை மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டியவர், இருட்டில் லயத்திலிருந்து சந்திக்கு நடந்து, மூடுபனியில் முதல் பஸ்ஸுக்குக் காத்து நின்று, அது வராவிட்டால் ஒரு வருடம் போயிற்று. ஆகவேதான் முதல் நாள் பின்னேரமே கிளம்புவது.

கிளம்பினால் எங்கே தங்குவது? இதில்தான் எனக்கு நெஞ்சு நிறைந்த நினைவுகள் உண்டு. என் அண்ணன்மார் காலத்தில் பதுளை பசாரில் தமிழர் கடைகள் இருந்தன. பரீட்சைக்கு வந்த தோட்டத்துப் பையன் என்றால் முதலாளி இரவு கடையைச் சாத்திய பிறகு அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் போடச் சொல்லுவார். அதற்குக் காசு கேட்டதை நான் கேள்விப்பட்டதில்லை. விடிய எழுப்பி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, “நல்லா எழுதிட்டு வா தம்பி” என்று அனுப்புவார். பரீட்சை எழுதாத ஒரு மனிதர் பரீட்சைக்குச் செய்த பெரிய உதவி அது. 1983 ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு கடைவீதியில் இரவு தங்கச் சொல்ல ஆளும் இல்லை, தங்கத் துணிவும் இல்லை. அந்த இடத்தைச் சொந்தம் எடுத்துக்கொண்டது. பதுளைக்குப் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்கு யார் மாமன், யார் அத்தை, எந்த லயத்தில் ஒரு பாய்க்கு இடம் உண்டு என்று விசாரித்து வைப்பது பரீட்சை ஆயத்தத்தில் ஒரு பகுதி ஆனது. பத்துக்குப் பத்து காம்பிராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், பரீட்சைக்கு வந்த பிள்ளைக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்து அடுப்படியில் படுத்த அத்தைமார் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆசிரியர்களில் எத்தனையோ பேரின் நியமனக் கடிதத்தில் அந்தக் கட்டிலுக்கும் பங்குண்டு.

யுத்த வருடங்களில் பாதை இன்னும் நீண்டது. தமிழ் இளைஞன் தனியாக இரவில் பஸ் ஏறினால் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் பிள்ளையைத் தனியே அனுப்பத் தாய்மார் மறுத்துவிட்டார்கள். அடையாள அட்டை, அனுமதி அட்டை, கூடவே தோட்டக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் என்று மூன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகும் வழக்கம் அப்போது உறுதிப்பட்டது. யுத்தம் முடிந்தும் அந்த வழக்கம் நிற்கிறது. நல்லது. ஒருவருக்கு வாந்தி வந்தால் மற்றவர் கோவையைப் பிடிப்பார்.

பெண் பிள்ளை என்றால் அம்மா கூட வருவார். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று வேலையை விட்டுவிட்டு வந்து, பாடசாலை வாசலுக்கு வெளியே மதில் ஓரம் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். மேற்பார்வையாளராக நின்ற காலத்தில் அந்தத் தாய்மாரை உள்ளே ஒரு வாங்கில் உட்காரச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கவில்லை. வெளியே ஒரு கூரையும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்வது எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை. மண்டபம் நடத்துகிற அதிபர்மார் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பதுளை அதில் பாதி உயரம்கூட இல்லை. குளிருக்குத் தடித்த சுவெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குகிற பிள்ளை பதுளை மண்டபத்தில் வியர்த்து நனைந்துவிடும். உள்ளே மெல்லிய சட்டை, மேலே கழற்றக்கூடிய ஒன்று. மழைக்காலத்தில் குறுக்குப் பாதையால் இறங்கினால் காலில் அட்டை ஏறும். செருப்போடு சந்திக்கு வந்து, சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவிவிட்டுச் சப்பாத்தை மாட்டுங்கள். சாப்பாட்டுக்கு அம்மா சுடும் ரொட்டியும் சம்பலும் போதும். சம்பலில் உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். புதிதாக எதையும் அன்றைக்குக் கடையில் வாங்கித் தின்ன வேண்டாம். கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அல்லது கூட வந்தவரிடம் கொடுங்கள். கையில் சாதாரணக் கடிகாரம் இருக்கட்டும்.

மண்டபத்துக்குள் எங்கள் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் மொழி. வினாத்தாள் தமிழில் வரும். ஆனால் பதுளையில் மண்டபம் பெரும்பாலும் ஒரு சிங்களப் பாடசாலையாக இருக்கும், நோக்குநர் சிங்களத்தில் அறிவிப்பார். எத்தனை மணிக்குத் தாளைத் திறக்கலாம், சுட்டெண்ணை எங்கே எழுத வேண்டும், மேலதிகத் தாளை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர் சொல்வது விளங்காமல், கேட்கவும் கூசி, பக்கத்து மேசையைப் பார்த்துச் செய்கிற பிள்ளை, பக்கத்துத் தாளைப் பார்த்ததாகக் குற்றம் சாட்டப்படக்கூடும். நான் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை மண்டபச் சிங்களம் என்று ஒரு பாடமே நடத்தினேன். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தான். எழுந்து நின்று, பயமில்லாமல், மரியாதையாகக் கேட்கப் பழக்கினேன். எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு தாளிலும் சுட்டெண்ணை எழுதி, அனுமதி அட்டையோடு ஒருமுறை ஒப்பிடச் சொன்னேன். போட்டிப் பரீட்சைகளில் நுண்ணறிவுத் தாள் நேரத்தைத் தின்னும். பிடிபடாத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய், கடைசியில் திரும்பி வாருங்கள்.

மழைக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சை முன்பெல்லாம் ஓகஸ்டில் நடந்தது. ஊவாவில் அது காய்ந்த மாதம். காற்றடிக்கும், பாதை நிற்கும். 2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. எங்கள் மலைச்சரிவு நனைந்து கனத்து நிற்கும் மாதம் அது. பெரகல – கொஸ்லந்த – வெல்லவாய பாதையில் கல் உருண்டால் போக்குவரத்தை மூடிவிடுவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்கடியில் போனது இதே சரிவில்தான். பிழைத்தவர்கள் பாடசாலைகளில்தான் தஞ்சம் புகுந்தார்கள். 2024 நவம்பரில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை சில நாட்கள் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டது. பதுளை மாவட்டம் பட்ட அழிவை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அல்துமுல்லவுக்கும் அப்புத்தளைக்கும் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதை மூடினால் அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அடியுங்கள், பரீட்சைத் திணைக்களத்துக்கு 1911. உயிரைப் பணயம் வைத்து மண் மேட்டைத் தாண்டாதீர்கள்.

கடைசியாக மண்டபம் இருக்கும் இடம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் மண்டபங்கள் ஓரளவு பக்கத்தில் வந்துவிட்டன. தொழிலுக்கான போட்டிப் பரீட்சைக்கு இன்னும் பதுளைக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும். கொழும்பு என்றால் சந்தியில் இரவு பஸ் ஏறி, தூங்காமல் போய், விடியற்காலையில் கோட்டையில் முகம் கழுவி எழுதுவது. மண்டபத்தைப் பக்கத்தில் கேட்கும் வழக்கு பழையது. இந்திய சிவில் சேவைப் பரீட்சையை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று தாதாபாய் நவுரோஜி வருடக் கணக்காக வாதாடினார். 1893இல், எங்கள் மலைக்குக் கோச்சி வந்த அதே வருடம், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபை அதற்குத் தீர்மானமும் நிறைவேற்றியது. அலகாபாத்தில் மண்டபம் திறக்க 1922 ஆயிற்று. தூரமும் ஒரு கேள்வி, அதற்கு விடை எழுதக் காசு வேண்டும் என்பதை அவர்கள் அன்றே விளங்கிக்கொண்டார்கள். அப்புத்தளையில் பாடசாலைகள் இருக்கின்றன, மேசை கதிரை இருக்கின்றன, மேற்பார்வை செய்ய அதிபர்மார் இருக்கிறார்கள். இங்கே ஒரு மண்டபம் திறக்க என்ன தடை? 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாதான் கொடுப்பனவு. இப்படிப்பட்ட வேலைகளுக்கான பரீட்சைகளை எழுதப் போய் வரவும் பயணச் செலவை எங்கள் பிள்ளைகளேதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

போட்டிப் பரீட்சை வினாத்தாளை வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். ஆகவே திரும்பும் பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள் தூங்குவதில்லை. ஆளுக்கு ஒரு பகுதியாக ஞாபகத்தில் இருந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுவார்கள். ஹாலிஎலவில் தொடங்கினால் பண்டாரவளைக்கு வரும்போது பாதிக்கு மேல் நிரம்பிவிடும். அந்தக் கொப்பி அடுத்த வருடம் எழுதப் போகிறவருக்குப் போகும், அவரிடமிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு. 1980களிலிருந்து கைமாறிய இப்படிப்பட்ட கொப்பிகள் சில என்னிடம் சேர்ந்திருக்கின்றன. விளிம்புகளில் பஸ் நேரங்கள், தங்கிய வீட்டின் தோட்டப் பெயர், எந்த மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. கொஸ்லந்த, பூனாகலை, தம்பேதன்ன, அப்புத்தளைப் பக்கங்களில் யாரிடமாவது இப்படிக் கொப்பி இருந்தால், போட்டோ கொப்பி எடுத்துப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.